ஜப்பான் போகிறவர்கள் அந்த ஊர் வழக்கத்தை எதுவரை பின்பற்ற வேண்டும்?

வைகைக்கரை (இழையைத் தொடங்கியவர்)

மதுரையிலிருந்து ஏப்ரலில் 22 பேர் கொண்ட குழு ஜப்பான் போகிறது. டோக்கியோ, ஹகோனே, கியோட்டோ, நாரா, கோயாசான், ஒசாகா. பாதிப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள், ஒன்பது பேர் சுத்த சைவம். அவர்களுக்கு இரண்டு பக்கத்தில் ஒரு கைப்பிரதி எழுதித் தர வேண்டும்.

குழுவுக்குள்ளேயே இரண்டு கட்சி. காசு கொடுத்துத்தான் போகிறோம், பழகினபடி இருந்துவிட்டு வருவோம், யாரையும் இடிக்காமல் இருந்தால் போதும் என்கிறது ஒன்று. ஊரோடு ஒத்துப்போக வேண்டும், குனிவதிலிருந்து குச்சி பிடிப்பதுவரை அவர்களைப் போலவே செய்ய வேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. எது கட்டாயம், எது விருப்பம், எதை மறுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "மரியாதையாக நடந்துகொள்ளவும்" என்ற அளவில் நிறுத்திவிடாதீர்கள், செய்முறை வேண்டும்.

ஒசாகாவாசி

இரண்டு கட்சியும் எல்லா வழக்கத்தையும் ஒரே தராசில் வைக்கிறது, பிசகு அங்கேதான். ஒரு வழக்கத்தை நாம் மீறினால் அதன் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். அடுத்தவர் தலையில் என்றால் முழுசாகப் பின்பற்ற வேண்டும், பாதி செய்வதும் மீறியதுதான். யாருக்கும் பாரமில்லை என்றால் தெரிந்த அளவுக்குச் செய்தால் போதும். குனிவதை 15 டிகிரியா 30 டிகிரியா என்று வெளிநாட்டவரிடம் யாரும் அளப்பதில்லை. தலையை லேசாகத் தாழ்த்தினால் சரி. ஆனால் வெந்நீர்க் குளத்தில் சோப்பு நுரையோடு இறங்கினால் அங்கே இருக்கும் அத்தனை பேருக்கும் அந்தத் தண்ணீர் கெட்டது.

ஹகோனே போவதால் ஆன்சென் என்கிற வெந்நீர் ஊற்றுக் குளியலில் இருந்தே தொடங்குகிறேன். நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான்.

வாசல் திரையில் நீலம் ஆண்களுக்கு, சிவப்பு பெண்களுக்கு. சில விடுதிகளில் இரவுக்கும் காலைக்கும் நடுவில் இரண்டு கூடங்களையும் மாற்றிவிடுவார்கள். நேற்று நுழைந்த கதவு என்று இன்று நேரே நுழையாதீர்கள், ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள். உள்ளே உடை மாற்றும் அறையில் கூடை இருக்கும், எல்லா உடையையும் அதில் வைத்துவிட வேண்டும். கையில் சின்னத் துண்டு ஒன்றுதான் போகும்.

குளத்துக்கு முன்னால் சுவரோரமாகக் கைஷவர் வரிசையும் ஒவ்வொன்றின் கீழும் தாழ்ந்த முக்காலியும் வாளியும் இருக்கும். முக்காலியில் உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றுகொண்டு குளித்தால் தண்ணீர் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். தலைமுதல் கால்வரை சோப்புப் போட்டு, நுரை ஒரு துளி இல்லாமல் அலசி, முக்காலியையும் வாளியையும் கழுவி வைத்துவிட்டு எழுந்திருங்கள். நீளக் கூந்தலைத் தூக்கிக் கட்ட வேண்டும். துண்டு குளத்து நீரில் படக்கூடாது, மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம் அல்லது கரையில் வைக்கலாம்.

பெரும்பாலும் நீர் 40 முதல் 42 டிகிரி வரை இருக்கும். நம் வீட்டு வெந்நீரை விட இது வேறு, கழுத்துவரை மூழ்கி உட்காரும்போது ரத்த அழுத்தம் இறங்கும், சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முதலில் வாளியில் மொண்டு கால், கை, தோள் என்று ஊற்றி உடம்பைப் பழக்கிவிட்டு இறங்குங்கள். வயதானவர்கள் முதல் தடவை ஐந்து நிமிடத்தோடு எழுந்துவிட வேண்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக. இதய நோய்க்காரர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். வெளியே வரும்போது ஈரத்தை அந்தச் சின்னத் துண்டால் துடைத்துவிட்டு உடை அறைக்குள் கால் வையுங்கள். அந்தத் தரை காய்ந்தே இருக்க வேண்டும், வழுக்கி விழுகிறவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

செங்காந்தள்

கேள்வி: குழுவில் இருக்கும் பெண்கள் பலருக்கு இது பெரிய தயக்கமாக இருக்கும். உள்ளாடையோடோ துண்டைச் சுற்றிக்கொண்டோ இறங்கலாமா?

ஒசாகாவாசி

பொதுக் குளத்தில் கூடாது. துணியில் இருக்கும் சோப்பும் நூலும் நீரில் இறங்கும் என்பதுதான் காரணம். உடலைப் பார்ப்பது அங்கே பேச்சே இல்லை. குளிக்காமல் இருப்பது எந்த அவமதிப்பும் இல்லை. அரைகுறையாக இறங்குவதுதான் தவறு.

வழி இருக்கிறது. பல விடுதிகளில் "கஷிகிரி" என்று தனிக்குளம் உண்டு. 45 அல்லது 50 நிமிடத்துக்கு ஒரு குடும்பத்துக்கே தருவார்கள். சில விடுதிகளில் இலவசம், சில இடங்களில் சில ஆயிரம் யென். அறை பதியும்போதே கேட்டு நேரம் குறித்துக்கொள்ள வேண்டும், 22 பேர் வந்து இறங்கிய பிறகு கேட்டால் கிடைக்காது. தனிக்குளத்திலும் முதலில் வெளியே கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும், முடிந்ததும் நீரைத் திறந்துவிடக் கூடாது. அடுத்த குடும்பத்துக்கும் அதே நீர்தான்.

தெருவோரம் "ஆஷியு" என்று கால் மட்டும் நனைக்கும் தொட்டிகளும் உண்டு. முழங்கால்வரை சேலையைத் தூக்கிக்கொண்டு உட்காரலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு அது போதும்.

மருதன்

பச்சை குத்தியவர்களைப் பற்றிக் கைப்பிரதியில் கட்டாயம் எழுதுங்கள். நம் ஊரில் 60, 70 வயதுப் பெண்கள் பலருக்கு முன்கையில் கோலமோ பெயரோ பச்சையாக இருக்கும், அதைப் பச்சை என்றே யாரும் நினைப்பதில்லை. அங்கே அது சிக்கல். ஜப்பான் சுற்றுலா முகமை 2015இல் எடுத்த கணக்கில், பதில் சொன்ன குளியலிடங்களில் 56 சதவீதம் பச்சை குத்தியவர்களை அனுமதிப்பதில்லை என்றன. 31 சதவீதம் தடையில்லை என்றன, 13 சதவீதம் மறைத்தால் சரி என்றன. தோல் நிறத்தில் ஒட்டுப்பட்டை விற்கிறார்கள். அதற்குள் முழுசாக மறையும் அளவு என்றால் அனுமதிக்கும் விடுதிகள் உண்டு. நனையாத உடம்பில், குளிப்பதற்கு முன்பே ஒட்ட வேண்டும். ஈரத்தில் ஒட்டினால் ஓரம் பிரிந்து நீரில் மிதக்கும்.

நடைவண்டி

இந்த இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. எல்லா வழக்கத்தையும் பின்பற்று என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். பச்சை என்றால் யாகூசா, ரவுடிக்கூட்டம் என்பது அவர்களுடைய பயம். கிராமத்துப் பாட்டியின் முன்கைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? 2013இல் நியூசிலாந்தின் மாவோரிப் பெண் ஒருவரை முகத்தில் இருந்த குலப் பச்சைக்காக ஹொக்கைடோவில் ஒரு குளியலிடம் திருப்பி அனுப்பியது, பெரிய விவாதமானது. அந்த ஹொக்கைடோவின் பூர்வகுடிகளான ஐனு மக்களிலேயே பெண்கள் உதட்டைச் சுற்றிப் பச்சை குத்திக்கொள்வது வழக்கமாக இருந்தது. மெய்ஜி அரசு அதைத் தடை செய்தது. பச்சைக்கு எதிரான தடை 1872 முதல் 1948 வரை நாடு முழுக்க இருந்தது. ஆக "உள்ளூர் வழக்கம்" என்று நாம் தலைவணங்குவது சில நேரம் ஓர் அரசாங்கத்தின் ஆணை மட்டுமே. வழக்கம் என்பதாலேயே அது நியாயமாகிவிடாது.

ஒசாகாவாசி

நியாயமில்லை என்பதை ஏற்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உள்நாட்டிலேயே பேச்சு எழுந்தது, 2016இல் சுற்றுலா முகமை குளியலிடங்களிடம் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள் என்று கேட்டது. கினோசாகியில் ஊர்ப் பொதுக்குளங்கள் அத்தனையிலும் பச்சையோடு இறங்கலாம், மட்சுயாமாவின் தோகோ ஆன்செனிலும் தடையில்லை. மாற்றம் வருகிறது.

ஆனால் வழக்கம் தப்பு என்று நினைப்பதும், வாசலில் நிற்கும் ஊழியரிடம் வாதாடுவதும் வேறு வேறு. அந்த ஊழியர் விதியை எழுதியவர் இல்லை. முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள், மறுத்தால் வேறு இடம் தேடுங்கள், தேடிப்போகிற இடத்துக்குத்தான் காசு போகட்டும். மறைத்துக்கொண்டு நுழைந்து நடுவில் பிடிபட்டால் பாட்டிக்குத்தான் அவமானம், குழுவின் மற்றவர்களையும் அடுத்த முறை யோசிப்பார்கள்.

பனையோலை

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன், மரக்கறிச் சாப்பாட்டுக்காரருக்கு அங்கே இருக்கிற கண்ணி வெளியாலை தெரியாது.

ஜப்பானில் சமையலின் அடித்தளம் "தாஷி" என்கிற சாறு. அதில் பெரும்பாலும் கட்சுஓபுஷி, அதாவது காயவைத்துப் புகையூட்டிச் சீவின சூரை மீன் இருக்கும். எங்கட மாசிக்கருவாடு மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கோ. மிசோ என்கிற சோயாப் பசைச் சூப், உதோன், சோபா என்கிற நூடில்ஸ் தொட்டுச் சாப்பிடுகிற சாறு, தெம்புராவுக்கு, அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த மரக்கறி, இறாலுக்குத் தருகிற சாறு, அவித்த கிழங்கு, கீரை எல்லாத்திலயும் அது கலந்திருக்கும். கண்ணுக்கு மீன் தெரியாது. "வெஜிடேரியன்" என்று சொன்னால் இறைச்சி போடமாட்டினம், தாஷியை மீனாகவே கணக்கெடுக்கமாட்டினம். ஏமாத்திறதில்லை, அவைக்கு அது உப்புப் போல.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி "மீன் இருக்கா" இல்லை, "தாஷி எதிலை செய்தது" என்பது. சின்ன அட்டையில் ஜப்பானிய எழுத்தில் அச்சடித்து ஒன்பது பேரின் கையிலும் குடுங்கோ. வாயால் சொல்ல: "நிகு மோ சகானா மோ தபெமாசென். கட்சுஓ தாஷி மோ தமே தெசு." இறைச்சியும் மீனும் சாப்பிடுறதில்லை, சூரைத் தாஷியும் ஆகாது என்று பொருள். தெம்புராவைச் சாற்றில் தோய்க்காமல் உப்புத் தொட்டுச் சாப்பிடலாம், உப்பு கேட்டால் தருவினம். ஆனால் எண்ணெய் இறால் பொரித்த எண்ணெய்தான். அது ஆகாது என்றால் தெம்புரா வேண்டாம். வெள்ளரிக்காய் வைச்சுச் சுருட்டின கப்பாமாகி ஓரளவு பாதுகாப்பு. இனாரி என்கிற பொரித்த தோஃபுப் பை பார்க்க மரக்கறி, பெரும்பாலும் தாஷியில் அவித்தது.

இனி முக்கியமானது. ரியோகான் என்கிற பாரம்பரிய விடுதியில் இரவுச் சாப்பாடு பத்துப் பன்னிரண்டு சின்னத் தட்டாக வரும். சாமான் ஆளுக்கு ஆள் முதலே வாங்கி வைக்கிறவை. அங்கே போய் இருந்துகொண்டு "இது வேண்டாம், அதை மாற்றித் தாங்கோ" என்றால் மாற்ற ஒன்றும் இருக்காது. அறை பதியேக்கையே சொல்லவேணும், ஒரு கிழமைக்கு முதல் திரும்ப நினைவூட்டவேணும். மரக்கறி செய்யமாட்டோம் என்று சொல்கிற விடுதி நிறைய. அப்பிடிச் சொன்னால் சாப்பாடில்லாமல் அறையை மட்டும் எடுங்கோ.

கோயாசானில் இந்தக் கஷ்டம் இல்லை. அங்கே ஐம்பது வரையிலான கோயில்கள் தங்கிடம் தருகுது, சாப்பாடு "ஷோஜின் ரியோரி". இறைச்சி, மீன் இல்லை, வெங்காயம் உள்ளியும் இல்லை, தாஷி கொம்பு என்கிற கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும் செய்தது. இரவுச் சாப்பாடு ஐந்தரை ஆறுக்கே வந்துவிடும். ஏழு மணிக்குப் போனால் ஆறிப்போயிருக்கும், திரும்பச் சூடாக்கித் தரமாட்டினம்.

வைகைக்கரை

பனையோலை, இது தங்கமான தகவல். உப்பு கேட்கலாம் என்பதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கேள்வி: விருந்தோம்பலாகக் கொடுப்பதை மறுத்தால் தப்பாக நினைக்க மாட்டார்களா? வழக்கத்தை மதிப்பது என்றால் ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று குழுவில் ஒருவர் சொல்கிறார்.

பனையோலை

மறுக்கலாம். முதலே சொல்லி மறுக்கிறதை ஆரும் குறையாக எடுக்கமாட்டினம். சொல்லாமல் இருந்து, சமைச்சு வைச்ச பிறகு தட்டோட திருப்பி அனுப்புறதுதான் அவமதிப்பு. சமைச்சவருக்குத் தான் ஏதோ பிழைவிட்டேன் என்றொரு எண்ணம் வரும். சமயத்தையோ உடம்பையோ விட்டுக்குடுத்து ஒரு வாய் விழுங்கு என்று எந்த ஊர் வழக்கமும் விருந்தாளியைக் கேட்கிறதில்லை.

குடிக்கிறதும் அப்பிடித்தான். கோப்பையைத் தூக்கி "கம்பாய்" என்று வாழ்த்துச் சொல்லேக்கை ஊலோங் தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்கினால் போதும். ஒரு விசயம்: இசாகாயா என்கிற குடிக்கடைகளில் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், "ஒதோஷி". ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். இருக்கைக் காசு அது. ஏமாத்திப்போட்டாங்கள் என்று சண்டை பிடிக்க வேண்டாம். அந்தக் கிண்ணத்திலும் பெரும்பாலும் மீன்தான்.

நடைவண்டி

குச்சி பற்றி. கையால் சோறு சாப்பிடுவது நம் வழக்கம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சோற்றின் மேல் மீன் வைத்த நிகிரி சுஷியையும் ஒனிகிரி என்கிற சோற்று உருண்டையையும் ஜப்பானியர்களே கையால்தான் எடுக்கிறார்கள். குச்சி வராதவர்கள் கரண்டி கேட்கலாம். 70 வயதில் குச்சி பழகச் சொல்வது வதை.

மருதன்

கரண்டி கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் குச்சியைக் கையில் எடுத்தால் இரண்டு காரியம் மட்டும் செய்யக்கூடாது, ஏன் என்பதைத் தெரிந்துகொண்டால் மறக்காது.

அங்கே தகனம் முடிந்ததும் உறவினர்கள் சாம்பலைச் சுற்றி நிற்பார்கள். கையில் குச்சி, அதுவும் சில இடங்களில் ஒன்று மூங்கில், ஒன்று வேறு மரம் என்று வேண்டுமென்றே ஜோடி சேராததாக இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து ஓர் எலும்பை எடுப்பார்கள், அல்லது ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு மாற்றிக் கலசத்தில் போடுவார்கள். கால் எலும்பில் தொடங்கி மேலே போவார்கள், கலசத்துக்குள் இறந்தவர் தலைகீழாக இருக்கக்கூடாது என்பதற்காக. கடைசியில் கழுத்தெலும்பு ஒன்று, உட்கார்ந்திருக்கும் புத்தர் வடிவில் இருப்பதாகச் சொல்வது, அதை நெருங்கிய உறவு எடுத்து வைக்கும். சுடுகாட்டில் எலும்பு பொறுக்கிக் கலயத்தில் சேர்த்துக் கரைக்கிற நமக்கு இது விளங்காத சடங்கில்லை. அதனால்தான் சாப்பாட்டு மேசையில் குச்சியிலிருந்து குச்சிக்கு எதையும் கொடுக்கக் கூடாது. தட்டில் வைத்துத் தள்ளுங்கள், அவர் எடுத்துக்கொள்வார்.

இரண்டாவது, சோற்றுக் கிண்ணத்தில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது. இறந்தவர் தலைமாட்டில் சோறு வைத்து அப்படித்தான் நிறுத்துவார்கள். வாய்க்கரிசியை விளையாட்டுக்காக யாராவது நம் இலையில் தூவினால் எப்படி இருக்கும்? குச்சியைக் கீழே வைக்கச் சின்னத் தாங்கி இருக்கும், இல்லையென்றால் காகித உறையை மடித்து அதன்மேல் வையுங்கள்.

இதோடு சேர்ந்தது யுகாதா. விடுதியில் தரும் அந்த அங்கியை உடுத்தும்போது உங்கள் இடப்பக்கம் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் பிணத்துக்கு உடுத்தும் முறை. புகைப்படம் எடுப்பதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளுங்கள். செல்பியைப் பார்த்துச் சரி செய்யாதீர்கள், திரையில் இடம் வலம் மாறித் தெரியும்.

உப்பளம்

குழுவில் கிறிஸ்தவரோ முஸ்லிமோ இருந்தால், அங்கே ஜின்ஜா என்கிற ஷிண்டோ கோயிலில் கைதட்டி வணங்குவதையும் "வழக்கம்" என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா?

ஒசாகாவாசி

வேண்டவே வேண்டாம். இது வழிபாடு, மரியாதை முறை அல்ல. நம்பாத ஒருவர் படமெடுக்கக் கைதட்டிவிட்டுப் போவதைவிட, தொப்பியைக் கழற்றி ஓரமாக நிற்பது நூறு மடங்கு மரியாதை. எல்லாருக்கும் பொருந்துவது: வாசல் தோரணத்திலிருந்து உள்ளே போகும் பாதையின் நடுவில் நடக்காமல் ஓரமாகப் போவது, வணங்குகிறவருக்கு முன்னால் குறுக்கே வராமல் இருப்பது, கருவறைப் பக்கம் கேமரா வேண்டாம் என்று பலகை இருந்தால் எடுக்காமல் இருப்பது.

வணங்க விரும்புகிறவர்களுக்கு முறை. கைகழுவும் தொட்டியில் அகப்பையை வலக்கையில் பிடித்து இடக்கையைக் கழுவுங்கள், கை மாற்றி வலக்கையை, மறுபடி வலக்கைக்கு மாற்றி இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளியுங்கள். அகப்பை உதட்டில் படக்கூடாது. எச்சில் பார்க்கும் நம் வழக்கம்தான். தண்ணீரைத் தொட்டிக்குள் துப்பாமல் கீழே கல்லில் விடுங்கள். இடக்கையை மறுபடி கழுவி, அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் வழிந்து காம்பைக் கழுவும். கொரோனாவுக்குப் பின் பல இடங்களில் அகப்பையே இல்லை, மூங்கில் குழாயில் நீர் விழும், கையை மட்டும் கழுவினால் போதும். அப்புறம் காணிக்கை. ஐந்து யென் நாணயம் போடுவார்கள், "கோஎன்" என்றால் ஐந்து யென் என்றும் உறவு என்றும் பொருள். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, ஒரு முறை குனிவது.

கைதட்டுவது ஜின்ஜாவில் மட்டும். பௌத்தக் கோயிலில் சத்தமில்லாமல் கைகூப்புங்கள், நமக்கு அது கை வந்ததுதான். நீங்கள் போகும் ஊர்களில் டோக்கியோவின் மெய்ஜி ஜிங்குவும் கியோட்டோவின் ஃபுஷிமி இனாரியும் ஜின்ஜா. டோக்கியோ அசகுசாவின் சென்சோஜி, நாராவின் தோதாய்ஜி, கோயாசான் பௌத்தம்.

கோயாசானில் கூகாயின் சமாதி இருக்கும் ஒகுனோயின் போகும்போது கடைசியாக ஒரு சிறு பாலம் வரும், கோபியோபாஷி. அதைத் தாண்டினால் புகைப்படம் இல்லை, சாப்பாடு இல்லை, தொப்பி இல்லை. கோயாசானை நிறுவிய துறவி கூகாய் இறக்கவில்லை, உள்ளே தியானத்தில் இருக்கிறார் என்பது நம்பிக்கை. இன்றைக்கும் தினம் இருவேளை அவருக்கு உணவு கொண்டுபோகிறார்கள். ஜீவசமாதி என்று சொன்னால் நம் குழுவுக்கு அடுத்த சொல் தேவைப்படாது.

கீழைக்காற்று

ரயிலைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள். நகர ரயிலில் போனில் பேசக்கூடாது, வீடியோ அழைப்பு ஸ்பீக்கரில் அறவே கூடாது. முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ள வேண்டும். எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்க வேண்டும், வலப்பக்கம் நடப்பவர்களுக்கு.

ஒசாகாவாசி

ஒரு திருத்தம். இடப்பக்கம் டோக்கியோவில். ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பார்கள். ஆனால் இப்போது நடக்காமல் இரண்டு பக்கமும் நிற்கச் சொல்வதுதான் நடக்கிறது. சைதாமா மாகாணம் 2021இலும் நகோயா நகரம் 2023இலும் அதற்கென்றே விதி கொண்டுவந்தன. முதியவர்கள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், பக்கத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முன்னால் நிற்பவரைப் பார்த்து நின்றால் போதும்.

கீழைக்காற்று

நன்றி, திருத்திக்கொள்கிறேன். பெட்டி விஷயம்: டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் தோகைதோ ஷின்கான்சென் அதிவேக ரயிலில் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் 250 வரை இருந்தால் பெட்டிக்கு இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும், தனிக்கட்டணம் இல்லை. பதியாமல் ஏற்றினால் 1000 யென். விமானத்தில் பெரும்பாலும் 158 செ.மீ. வரைதான் அனுமதி, ஆகவே சாதாரணப் பெட்டி தப்பிக்கும், அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள்தான் மாட்டுவார்கள்.

கியோட்டோ நகரப் பேருந்தில் 22 பேரும் பெட்டிகளோடு ஏறவே கூடாது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் போகிற ஊர்க்காரர்கள் ஏற முடியாமல் நிற்கிறார்கள் என்பது அங்கே பல வருடத்துக் குமுறல். அதனால்தான் பேருந்துக்கு மட்டுமான ஒருநாள் சீட்டையே நிறுத்திவிட்டார்கள், பயணிகளுக்கென்று 2024 ஜூனிலிருந்து 500 யென் கட்டணத்தில் தனிப் பேருந்து விட்டிருக்கிறார்கள். சுரங்க ரயிலில் போங்கள், நான்கைந்து பேராகப் பிரிந்து போங்கள். பெட்டியை விடுதி வரவேற்பில் கொடுத்து "தக்குஹைபின்" என்கிற பெட்டி அனுப்பும் சேவையைச் சொன்னால் பெரும்பாலும் மறுநாள் அடுத்த ஊர் விடுதியில் இருக்கும். கோயாசானுக்கு ரயில், கேபிள் கார், பேருந்து என்று மூன்று மாறவேண்டும், அங்கே ஓர் இரவுப்பை மட்டும் எடுத்துப் போங்கள்.

குப்பைத்தொட்டி தெருவில் அநேகமாக இருக்காது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் சாரின் நச்சு வைத்த பிறகு எடுத்த தொட்டிகள் பல திரும்பி வரவேயில்லை. விற்பனை எந்திரம் அருகே இருப்பது பாட்டிலுக்கும் டின்னுக்கும் மட்டும். ஆளுக்கு ஒரு கவர் பையில் வைத்துக்கொண்டு, குப்பையை விடுதிக்கே கொண்டுவர வேண்டும். நாராவில் இது இரட்டிப்பு முக்கியம். 2019இல் இறந்த மான்களின் வயிற்றில் கிலோக்கணக்கில் பிளாஸ்டிக் இருந்தது. மானுக்கு அங்கே விற்கும் பிஸ்கட் மட்டும்தான், முறுக்கு கூடாது. தீர்ந்ததும் வெறுங்கையை விரித்துக் காட்டினால் போய்விடும், ஒளித்து வைத்து ஆசை காட்டினால் முட்டும், கடிக்கும்.

செங்காந்தள்

கியோட்டோவின் கியோன் பகுதியையும் சொல்லுங்கள். மாய்கோ, அதாவது கெய்ஷாவாகப் பயிலும் பெண்களைப் படமெடுப்பது பற்றி நிறைய வாட்ஸப்பில் வருகிறது, தெருவுக்கே தடை என்கிறார்கள்.

மருதன்

தெருவுக்குத் தடையில்லை. ஹனாமிகோஜி பொதுச்சாலை, யாரும் நடக்கலாம். அதிலிருந்து பிரியும் குறுக்குச் சந்துகள் பல தனியார் சொத்து. அங்கே படமெடுத்தால் 10,000 யென் என்று குடியிருப்போர் 2019இலேயே பலகை வைத்தார்கள். 2024இல் சில சந்துகளுக்குள் பயணிகள் நுழையவே வேண்டாம் என்று பலகை வந்தது. மாலையில் வேகமாக நடந்து போகும் பெண் வேலைக்குப் போகிறாள், காட்சிக்கு நிற்கவில்லை. வழியை மறிப்பது, கிமோனோவின் கையைப் பிடிப்பது, டாக்சிக்குள் கேமராவை நீட்டுவது எல்லாம் நடந்து நடந்துதான் இந்தப் பலகைகளே வந்தன. மீனாட்சியம்மன் கோயிலில் செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறோம். கேட்பதும் கொடுப்பதும் ஒரே அளவாக இருக்கட்டும்.

நடைவண்டி

இதில் முழு ஒப்புதல்.

நான் சேர்ப்பது விடுதி அறை. சிலர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பல விடுதிகளில் அறையில் சமைக்கத் தடை, புகை உணர்வி கத்தினால் மாடி முழுக்கக் காலி செய்ய வேண்டிவரும். அதற்கும் மேல் அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட், 1000 வாட் குக்கர் அங்கே 190 வாட் அளவுக்குத்தான் சூடாகும், அரிசி ஊறி நிற்கும், வேகாது. செல்போன் சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், தட்டைமுனை இரண்டு உள்ள மாற்றி மட்டும் போதும். புளியோதரைப் பொடி, பருப்புப்பொடி கொண்டுபோகலாம், சூடான சோறு கடையில் கிடைக்கும். கறி ஊறுகாய், கோழி ஊறுகாய் எந்த இறைச்சிப் பொருளும் விமான நிலையத்திலேயே பிடிபடும், பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். கொண்டுபோன சாப்பாட்டை உணவகத்துக்குள் பிரிக்காதீர்கள்.

கழிப்பறையில் தரையை நனைக்கக் கூடாது, பெரும்பாலும் தரையில் வடிகால் இல்லை, நீர் கதவுக்கு வெளியே போகும். அதற்கான தண்ணீர் இருக்கையிலேயே வரும். சிவப்போ ஆரஞ்சோ சதுரம் போட்ட பொத்தான் நிறுத்துவதற்கு, எழுந்திருக்குமுன் அதை அழுத்த வேண்டும். காகிதத்தைக் குப்பைத்தொட்டியில் போடாமல் உள்ளேயே விட்டுக் கழுவ வேண்டும்.

செருப்பு விஷயம் நமக்குச் சுலபம் என்று விட்டுவிடாதீர்கள். வாசலில் கழற்றிவிட்டு, கழற்றிய தாழ்ந்த தரையில் வெறுங்கால் வைக்காமல் நேரே மேல்படிக்கு ஏற வேண்டும். தாதாமி பாய்மேல் வீட்டுச் செருப்பும் கூடாது, பெட்டியை உருட்டக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும், சக்கரம் கோரையைக் கிழித்துவிடும். கழிப்பறைக்குத் தனிச்செருப்பு உண்டு, அதிலேயே கூடத்துக்கு வந்துவிடுவதுதான் எல்லாரும் செய்கிற பிழை.

வைகைக்கரை

கைப்பிரதி இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது, பரவாயில்லை. குளியலும் தாஷி அட்டையும் முதல் பக்கம். பச்சை பற்றி விடுதிக்கு நாளைக்கே எழுதுகிறேன், தனிக்குளமும் கேட்கிறேன். கடைசியாக ஒன்று. கூடவே வரும் வழிகாட்டிக்கும் விடுதிப் பணியாளருக்கும் டிப்ஸ் கொடுக்கலாமா? கொடுக்காமல் வருவது நம்மவர்களுக்கு மனசு கேட்காது.

ஒசாகாவாசி

மேசையில் காசை வைத்துவிட்டு வந்தால், மறந்து விட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து தருவார்கள். டிப்ஸ் வேண்டாம். மனசு கேட்காதவர்கள் ஊரிலிருந்து இனிப்போ கைவேலைப் பொருளோ எடுத்துப் போகலாம். ஒவ்வொன்றும் தனித்தனியாக உறையிட்டதாக இருந்தால் நல்லது, அலுவலகத்தில் எல்லாருக்கும் பகிர்வார்கள். நான்கு உருப்படியாகக் கொடுக்காதீர்கள். நான்குக்கான சொல்லும் சாவுக்கான சொல்லும் ஒரே ஒலி, "ஷி". மூன்றோ ஐந்தோ வையுங்கள். கடைசி நாளில், கிளம்பும் அவசரத்தில் கையில் திணிக்காமல், பையிலிருந்து எடுத்து, எழுத்து அவர் படிக்கிற பக்கமாகத் திருப்பி, இரண்டு கையாலும் கொடுங்கள். முதலில் வேண்டாம் என்பார். இன்னொரு முறை நீட்டுங்கள், வாங்கிக்கொள்வார். உங்கள் முன்னால் பிரிக்க மாட்டார், அதற்காகப் பிடிக்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.